போயிருக்குமா, போயிருக்குமோ

சலவை ஆலையில் தீப்பிடித்தபோது யாருக்கும் காயமில்லை. மருத்துவமனைகளின் படுக்கை விரிப்புகளையும் போர்வைகளையும் துவைத்து, உலர்த்தி, மடித்து அனுப்புகிற ஆலை அது. உலர்த்தும் கூடத்தில் ஓர் இயந்திரம் புகைந்து, அதன் வயிற்றுக்குள் கிடந்த துவாலைகளெல்லாம் கரியாகி, கூரையில் வண்டிச் சக்கரம் அளவுக்குக் கறுப்பு வட்டம் விழுந்தது. எல்லோரும் வெளியே ஓடி வந்து சாலையோரம் நின்று இருமினார்கள். தீயணைப்பு வண்டி வந்து தண்ணீரைப் பீய்ச்சிவிட்டுப் போனது. அதோடு முடிந்திருக்க வேண்டும். ஆனால் நெருப்பு அணைந்த இடத்தில் கேள்வி புகைய ஆரம்பித்தது: யார் காரணம்?

அந்த இயந்திரத்தை ஓட்டியவளைச் சுருட்டை என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். தலைமுடி அப்படி. எந்தத் தொப்பிக்குள்ளும் அடங்காது. துணியிலிருந்து உதிர்கிற பஞ்செல்லாம் இயந்திரத்துக்குள் ஒரு வலையில் படியும். வேலை முடிந்து கிளம்பும்போது அந்த வலையை உருவி, பஞ்சை வழித்துப் போட்டுவிட்டுப் போக வேண்டும். விட்டால் பஞ்சு சூடேறிப் பற்றிக்கொள்ளும். சுருட்டை அன்று மாலை வீட்டுக்குக் கிளம்பி, அடுத்த ஷிப்ட்காரர்கள் இயந்திரத்தை ஓட்டத் தொடங்கிய கொஞ்ச நேரத்தில்தான் தீப்பிடித்தது. பிறகென்ன, பழியைத் தேடி வெகுதூரம் போக வேண்டியிருக்கவில்லை.

மேற்பார்வையாளர் கெட்டவர் இல்லை. அந்த வெளிநாட்டு ஊரில் தமிழர்களை வைத்து வேலை வாங்கி வாங்கி அவருக்கும் பாதித் தமிழ் வந்திருந்தது. அந்தத் தமிழ் வேலைக்கு உதவும், வழக்குக்கு உதவாது. அவர் நேராக மடிப்பு மாமாவிடம் போனார். சுருட்டையின் இயந்திரத்துக்குப் பக்கத்து மேசையில் நின்று போர்வை மடிக்கிறவர் மாமா. கண்ணை மூடிக்கொண்டு மடித்தாலும் நாலு மூலையும் ஒன்றின் மேல் ஒன்று உட்காரும். அவருடைய ஆங்கிலம் 'குட் மார்னிங்'கில் தொடங்கி 'நோ ப்ராப்ளம்' என்பதில் முடிந்துவிடும். அந்தப் பெண் பஞ்சை எடுக்காமல் போனாளா என்று மேற்பார்வையாளர் கேட்டார். மாமா பதில் சொன்னார். சொன்னதில் 'சந்தேகம்' என்ற சொல் மேற்பார்வையாளர் காதில் தெளிவாக விழுந்தது. அவர் ஆங்கிலத்தில் எழுதிக்கொண்டார்: அவள் பஞ்சை எடுக்காமல் போனாள் என்று சாட்சி சந்தேகிக்கிறார். மாமா கையெழுத்துப் போட்டுவிட்டு அடுத்த போர்வையை எடுத்தார்.

சுருட்டையை வேலையிலிருந்து நிறுத்திவைத்தார்கள்.

இரண்டு பேரும் ஒரே கட்டடத்தில் குடியிருந்தார்கள். அவள் மேல் தளம், அவர் கீழ்த் தளம். சொந்தமில்லை, ஆனாலும் அவள் வாயில் 'மாமா' தவிர வேறு வார்த்தை வந்ததில்லை. ஒரே பஸ்ஸில் போவார்கள். அவர் முன்னால் ஏறி அவளுக்கும் இடம் போட்டு வைப்பார். இப்போது தொழிலாளர் சங்கத்துக்காரர் அவளிடம் அந்த வாக்குமூலத்தைப் படித்துக் காட்டி, விசாரணை முடிகிறவரை சாட்சியிடம் ஒரு வார்த்தைகூடப் பேசக் கூடாது, பேசினால் சாட்சியைக் கலைத்ததாக ஆகிவிடும் என்றும் எச்சரித்துவிட்டார். எச்சரிக்காமலிருந்தாலும் அவள் பேசியிருக்க மாட்டாள். "கூடவே இருந்து குழி பறிச்சிட்டாரே" என்று அம்மாவிடம் சொல்லி அழுதாள். படிக்கட்டில் எதிரே வந்தால் சுவரைப் பார்த்துக்கொண்டு இறங்கிப் போனாள். மாமாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவளுக்கு நல்லதுதானே சொன்னோம், ஏன் முகத்தைத் திருப்பிக்கொண்டு போகிறாள் என்று மனசுக்குள் போட்டுக் குழப்பிக்கொண்டார். அவள் வேலைக்கு வரவில்லை என்று தெரிந்தும், பழக்கத்தில் பஸ்ஸில் பக்கத்து இருக்கையில் பையை வைத்து இடம் பிடித்தார். சில நாள் கழித்துப் பையை மடியில் வைத்துக்கொண்டார்.

விசாரணை நாளில் மொழிபெயர்க்க வந்தவளுக்கு அதுதான் முதல் வேலை.

அவளுக்கு வீட்டில் பெயர் துபாஷி. நாத்தனார் வைத்த பெயர். மொழிபெயர்ப்பாளர் தேர்வுக்குப் படிக்கப் போகிறேன் என்று இவள் சொன்ன அன்று, ஏதோ பழைய புத்தகத்தில் மொழிபெயர்ப்பாளனுக்கு இருந்த அந்தச் சொல்லை நாத்தனார் எடுத்து இவள் தலையில் சூட்டிவிட்டாள். நாத்தனார் சின்ன வயதிலேயே அந்த ஊருக்கு வந்தவள். ஆங்கிலம் அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. இவள் கல்யாணமாகி வந்தவள். புத்தகத்தில் கற்ற ஆங்கிலம். இலக்கணத்தில் பிழை இருக்காது, ஆனால் எங்கே என்ன வெடிக்கும் என்று தெரியாது.

ஒருமுறை வெடித்தே விட்டது. எதிர்வீட்டுக்காரியின் கணவர் ரொம்ப வாடிப்போய்த் தெரிந்தார். உடம்புக்கு ஏதோ முடியவில்லையோ என்ற அக்கறையில் துபாஷி அந்த அம்மாளை வாசலில் நிறுத்தி, 'உங்கள் கணவருக்கு உடம்பு சரியில்லை என்று நான் டவுட் பண்ணுகிறேன்' என்று ஆங்கிலத்தில் சொன்னாள். அந்த அம்மாள் முகம் சிவந்து கதவைச் சாத்திக்கொண்டாள். மனுஷர் ஏற்கெனவே மருத்துவ விடுப்பில் இருந்தார். இவள் அவர் நடிக்கிறார் என்று குத்திக் காட்டியதாக அந்த அம்மாள் எடுத்துக்கொண்டாள்.

நாத்தனார் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சிரித்து முடித்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்: "அண்ணி, டவுட்னா 'இருக்காது'ன்னு அர்த்தம். சஸ்பெக்ட்னா 'இருக்கும் போல'ன்னு அர்த்தம். உடம்பு சரியில்லைன்னு டவுட் பண்றேன்னா, அவருக்கு ஒண்ணுமில்ல, சும்மா படுத்திருக்கார்னு சொல்ற மாதிரி."

"நம்ம ஊர்ல ரெண்டுக்கும் சந்தேகம்தானே?"

"நம்ம ஆளுங்க ஒரே சட்டியில ரெண்டு குழம்பு வைப்பாங்க. இவங்களுக்குத் தனித்தனிச் சட்டி."

தேர்வில் அது கேள்வியாக வரவில்லை. துபாஷி தேறினாள். மொழிபெயர்ப்பாளர்களை அனுப்புகிற ஏஜென்சி அவளைச் சேர்த்துக்கொண்டது, ஒரு நிபந்தனையோடு: முதல் சில வேலைகள் சோதனை. புகார் எதுவும் வரக் கூடாது.

விசாரணை இரண்டாம் மாடியில். நீள மேசை, தண்ணீர்க் கூஜா, பஸ் பணிமனையைப் பார்த்த ஜன்னல். மேசையின் தலைமாட்டில், விசாரணையை நடத்த வெளியிலிருந்து வந்திருந்த தலைவி. நரைத்த முடியை ஒட்ட வெட்டியிருந்தார், பேனாவை வாளைப் போல நேராகப் பிடித்திருந்தார். ஒரு பக்கம் ஆலையின் வக்கீலும் மேற்பார்வையாளரும். எதிர்ப்பக்கம் சங்கத்துக்காரரும் சுருட்டையும். சுருட்டை முடியை இழுத்துக் கட்டியிருந்தாள்; தலை குனிந்து மேசையின் மரக்கோடுகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். துபாஷியின் முன்னால் ஒரு பிரதி வைத்தார்கள். சாட்சியின் வாக்குமூலம். அதில் கறுப்பு மையில் 'சஸ்பெக்ட்' என்று இருந்தது. இவள் அதைப் படித்தாள். அங்கேயே சறுக்கல் தொடங்கிவிட்டது.

மாமாவைக் கூப்பிட்டார்கள். நன்றாக இஸ்திரி போட்ட சட்டை. உட்காரச் சொன்னபிறகும் கொஞ்சம் தயங்கித்தான் உட்கார்ந்தார். சுருட்டையைப் பார்த்தார். அவள் நிமிரவில்லை.

வக்கீல் ஆங்கிலத்தில் கேட்டார்: "இந்தப் பெண் பஞ்சை எடுக்காமல் போனாள் என்று சந்தேகிப்பதாக மேற்பார்வையாளரிடம் நீங்கள் சொன்னது உண்மைதானே?"

துபாஷி தமிழில் கேட்டாள்: "இந்தப் பொண்ணு பஞ்சை எடுக்காம போனதுல உங்களுக்குச் சந்தேகம்னு மேற்பார்வையாளர்கிட்ட சொன்னீங்களா, ஐயா?"

மாமா நெஞ்சை நிமிர்த்தினார். இதற்காகத்தானே இஸ்திரி போட்டு வந்தார். "சொன்னேன். சந்தேகம்தான்னு சொன்னேன். இப்பவும் அதையேதான் சொல்றேன். பஞ்சை எடுக்காம அது போயிருக்குமான்னா, எனக்குச் சந்தேகம்தான். யார் முன்னாடி வேணும்னாலும் சொல்வேன்."

துபாஷி ஆங்கிலத்தில் சொன்னாள்: "சொன்னேன். இப்போதும் அதையே சொல்கிறேன். அவள் பஞ்சை எடுக்காமல் போனாள் என்று நான் சஸ்பெக்ட் பண்ணுகிறேன். யார் முன்னாலும் சொல்வேன்."

அந்தச் சொல் அவள் தேடி எடுத்ததில்லை. காகிதத்தில் இருந்தது, வக்கீல் வாயில் இருந்தது, நாக்கு அதே தடத்தில் செக்குமாடு போலப் போய்விட்டது. வக்கீல் தலையசைத்துக்கொண்டு உட்கார்ந்தார். "எனக்கு வேறு கேள்வி இல்லை." தலைவியின் பேனா ஓடியது.

துபாஷி தற்செயலாகத்தான் சுருட்டையைப் பார்த்தாள். சுருட்டை நிமிர்ந்திருந்தாள், அதுவும் மாமா தமிழில் பேசியபோதே நிமிர்ந்துவிட்டாள். விசாரணை தொடங்கியதிலிருந்து குனிந்தே இருந்த முகத்தில் சட்டென்று விளக்கேற்றினாற்போல ஏதோ வந்திருந்தது. மாமாவை வாயைத் திறந்தபடி பார்த்துக்கொண்டிருந்தாள். துபாஷியின் ஆங்கிலம் காதில் விழுந்ததும் அந்த முகம் குழம்பியது. அவளுக்கும் அந்த ஒரு ஆங்கிலச் சொல் இப்போது மனப்பாடம்.

"மேடம், அவர் அப்படிச் சொல்லல—" என்று அவள் எழ, "உங்கள் முறை வரும்" என்று தலைவி கையமர்த்தினார். சங்கத்துக்காரர் அவள் தோளை அழுத்தி உட்காரவைத்தார்.

துபாஷியின் காதுக்குள் மாமாவின் குரல் திரும்ப ஓடியது. போயிருக்குமான்னா. மா. அவர் 'மோ' என்று சொல்லவில்லை. 'போயிருக்குமோன்னு சந்தேகம்' என்றால் போயிருக்கிறாள் என்று நினைக்கிறார். 'போயிருக்குமான்னா சந்தேகம்தான்' என்றால்? அவள் அப்படிச் செய்கிற ஆளே இல்லை என்கிறார். அந்த மனிதர் வந்திருப்பது குழி பறிக்க இல்லை. கைகொடுக்க வந்திருக்கிறார். அந்தக் கையை இவள் இப்போதுதான் வெட்டிப் போட்டாள்.

முதல் நாள், முதல் சாட்சி, முதல் தப்பு. பேசாமல் இருந்தால் யாருக்கும் தெரியப் போவதில்லை. காகிதத்தில் இருந்ததும் அதே சொல்தான். ஏன் என்று யாரும் கேட்கப் போவதுமில்லை. வாயைத் திறந்தால் புகார் நிச்சயம். தண்ணீர்க் கூஜாவைப் பார்த்தாள். ஊற்றிக் குடிக்கத் தோன்றவில்லை.

கையைத் தூக்கினாள்.

மொழிபெயர்க்கிறவர்கள் தங்களைப் பற்றிப் பேச வேண்டி வந்தால் 'நான்' என்று சொல்லக் கூடாது. அந்த 'நான்' சாட்சிக்கு உரியது. எனவே அவள் ஆங்கிலத்தில், சத்தமாகவே சொன்னாள்: "மொழிபெயர்ப்பாளர் தவறு செய்துவிட்டார். அதைத் திருத்த அனுமதி கேட்கிறார்."

பேனா நின்றது. "என்ன தவறு?"

"சாட்சி சொன்ன சொல்லுக்குச் சஸ்பெக்ட் என்று பொருள் சொன்னேன்... சொன்னார், மொழிபெயர்ப்பாளர். அது டவுட் என்று இருக்க வேண்டும். அவள் பஞ்சை எடுக்காமல் போயிருப்பாள் என்பதைச் சாட்சி நம்பவில்லை."

வக்கீல் எழுந்துவிட்டார். "இது நேர் எதிர்ப் பொருள்! மொழிபெயர்ப்பாளர் அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்துவிட்டு மனம் மாறுகிறார். முதலில் வந்த சொல்தான் உண்மையான சொல். வாக்குமூலத்திலும் அதுவே இருக்கிறது."

தலைவி கண்ணாடியைக் கழற்றினார். "முகத்தைப் பார்த்தீர்களா?"

இங்கே ஒரு பொய் போதும், தப்பித்திருக்கலாம். "பார்த்தேன்" என்றாள் துபாஷி. 'மொழிபெயர்ப்பாளர்' என்று சொல்ல மறந்துபோனாள். "முகத்தைப் பார்த்ததால்தான் காதில் விழுந்ததைத் திரும்ப நினைத்துப் பார்த்தேன். திருத்துவது காதில் விழுந்ததைத்தான்."

"விளக்குங்கள்."

"உங்கள் மொழியில் இரண்டு சொல் இருக்கிறது. நடந்திருக்காது என்று தோன்றினால் ஒன்று, நடந்திருக்கும் என்று தோன்றினால் இன்னொன்று. தமிழில் இரண்டுக்கும் ஒரே சொல் போதும். சந்தேகம். அது எந்தப் பக்கம் சாய்கிறது என்பதை அதற்கு முன்னால் வருகிற வினைச்சொல்லின் வால் காட்டிவிடும். போயிருக்குமோ என்று முடிந்தால் போயிருப்பாள் என்ற பயம். போயிருக்குமா என்று கேட்டு, சந்தேகம்தான் என்று முடித்தால், போயிருக்க மாட்டாள் என்ற நம்பிக்கை. சாட்சி சொன்னது மா."

"போய்ருக்மோ?" என்றார் தலைவி, வாயை வளைத்து.

அவ்வளவு நேரம் ஒன்றும் புரியாமல் ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டிருந்த மாமாவுக்கு அந்த ஒரு வார்த்தை புரிந்தது. "மோ இல்லம்மா," என்று அவர் தலைவியைப் பணிவாகத் திருத்தினார், "மா. போயிருக்குமா."

அதையும் மொழிபெயர்த்தாக வேண்டுமே. துபாஷி மொழிபெயர்த்தாள். சங்கத்துக்காரர் கடித்துக்கொண்டிருந்த பேனா மூடி வாயிலிருந்து நழுவி மேசையில் உருண்டது.

வக்கீல் விடவில்லை. "ஒரு உயிரெழுத்தைப் பிடித்துக்கொண்டு ஒரு விசாரணையே தொங்க முடியுமா?"

"தொங்க வேண்டாம்" என்றார் தலைவி. "மனிதர் எதிரேதான் உட்கார்ந்திருக்கிறார். அவரையே கேட்டுவிடலாம். ஐயா, இந்தப் பெண் பஞ்சை எடுக்காமல் போனதாக நீங்கள் சொன்னதாக இங்கே எழுதியிருக்கிறது. சந்தேகம் என்ற சொல்லே இல்லாமல் எனக்குப் பதில் சொல்லுங்கள். எடுத்தாளா, எடுக்கவில்லையா?"

துபாஷி அதைத் தமிழில் சொல்லச் சொல்ல மாமா நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார்.

"நானா? நானா அப்படிச் சொன்னேன்?" மேற்பார்வையாளரைப் பார்த்தார், காகிதத்தைப் பார்த்தார், கடைசியில் சுருட்டையிடம் திரும்பினார். "அதான் பேசாம இருந்தியா நீ? நான் காட்டிக் குடுத்துட்டேன்னு நெனச்சா சுவத்தைப் பார்த்துட்டு எறங்கிப் போன?"

சுருட்டை இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

சாட்சி அவளிடம் பேசக் கூடாது. ஆனால் தலைவி தடுக்கவில்லை. துபாஷியைப் பார்த்து, சொல்லுங்கள் என்பதுபோலத் தலையசைத்தார். துபாஷி முன்னால் இருந்தவர்களிடம் ஆங்கிலத்தில் சொன்னாள்: "அதனால்தான் என்னோடு பேசாமல் இருந்தாயா? நான் உன்னைக் காட்டிக்கொடுத்துவிட்டேன் என்று நினைத்தா சுவரைப் பார்த்துக்கொண்டு இறங்கிப் போனாய்?" முழுசையும் சொல்லி முடித்தாள்.

"ஐயா," என்றார் தலைவி மெல்ல, "என் கேள்வி."

"எடுத்துச்சுங்க! எடுக்காம எப்படி? அன்னிக்கு நான் அதைத் திட்டவே திட்டினேனே! கை நெறைய பஞ்சை அள்ளிக்கிட்டு என் மேசை வழியா வந்துச்சு, குப்பைத் தொட்டியில போட. சும்மா வந்துச்சா? அதை உருட்டி, ரெண்டு காது வெச்சு, 'மாமா, முயல் பாருங்க'ன்னு என் மூக்குக்கு நேரா நீட்டுச்சு. எனக்குத் தும்மல் வந்துருச்சு. தும்மின தும்மல்ல முயல் செதறி, மடிச்சு வெச்சிருந்த போர்வை மேல பூரா பஞ்சு. அத்தனையையும் உதறி மறுபடி மடிச்சேன். 'கழுதை வயசாச்சு, முயல் பண்றியா'ன்னு கத்தினேன். கூடத்துல பாதிப் பேருக்குக் கேட்டிருக்கும்."

துபாஷி முயலையும் தும்மலையும் கழுதை வயதையும் ஒன்று விடாமல் ஆங்கிலத்தில் போட்டாள். கழுதைக்குக் கொஞ்சம் திணறினாள். தலைவி உதட்டை மடித்து அடக்கிக்கொண்டார்.

"இதை ஏன் அன்றைக்கே மேற்பார்வையாளரிடம் சொல்லவில்லை?" என்றார் வக்கீல்.

"அவர் கேக்கலையே. எடுக்காம போயிருக்குமான்னு கேட்டார். அது செய்யுமான்னா சந்தேகம்தான்னு சொன்னேன். அதுக்கு மேல முயல் கதையெல்லாம் எதுக்கு, வேலை நேரத்துல முயல் பண்ணுச்சுன்னு அதுக்கும் சேர்த்துத் திட்டு விழுமேன்னு விட்டுட்டேன்."

பணிமனையில் ஒரு பஸ் பின்பக்கமாக நகர்ந்து பீப் பீப் என்று கத்தியது. அப்போது மேற்பார்வையாளர், யாரும் கேட்காமலே, எழுந்தார். காது மடலெல்லாம் சிவந்திருந்தது.

"அதை எழுதியது நான்" என்றார். "அவர் முழுசாகச் சொன்னது எனக்கு நினைவில்லை. சந்தேகம் என்ற ஒரு சொல்தான் பிடிபட்டது. அதற்கு ஒரே அர்த்தம்தான் என்று நினைத்தேன். அவருக்குத் திருப்பிப் படித்துக் காட்டவும் இல்லை."

வக்கீல் அவர் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தார். அவர் உட்காரவில்லை. "அந்தப் பெண் ஒரு நாளும் பஞ்சை விட்டுவிட்டுப் போனவள் இல்லை. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்."

தலைவி எழுதிக்கொண்டார். பிறகு கேட்டார், "எரிந்த இயந்திரம் எங்கே?"

ஆலையின் பின்முற்றத்தில் தார்ப்பாய் மூடிக் கிடந்தது. காரணம்தான் தெரிந்துவிட்டதே என்று யாரும் அதைத் திறந்தே பார்க்கவில்லை. சங்கத்துக்காரர் மேசையைத் தட்டினார். திறந்து பார்க்க வெளியிலிருந்து பொறியாளரை அனுப்ப உத்தரவாயிற்று. அதுவும் இரண்டு தரப்பும் நேரில் நிற்க.

"மொழிபெயர்ப்பாளரும் வர வேண்டும்" என்று தலைவி சேர்த்துச் சொன்னார். "இதே மொழிபெயர்ப்பாளர்."

வீட்டுக்கு வந்து துபாஷி நாத்தனாரிடம் ஒப்பித்தாள். நாத்தனார் இந்தத் தடவை சிரிக்கவில்லை. "தப்புப் பண்ணிட்டேன்னு அத்தனை பேர் முன்னாடி நீங்களா சொன்னீங்க?"

"சொன்னேன்."

"கை நடுங்கலையா?"

"கால் நடுங்குச்சு. அது மேசைக்கு அடியில."

"ஏஜென்சிக்குப் புகார் போயிருமே அண்ணி."

"போகட்டும். அந்தப் பொண்ணு போகக் கூடாது."

புகார் போனது. வக்கீலே எழுதியிருந்தார். ஏஜென்சிக்காரர் அதைத் தொலைபேசியில் படித்துக் காட்டிவிட்டு, கூடவே தலைவியிடமிருந்தும் ஒரு கடிதம் வந்திருப்பதாகச் சொன்னார். தவறிழைத்த கணமே அதை ஒப்புக்கொண்டு திருத்துகிற ஒருவரைத் தாம் இத்தனை வருடத்தில் அதிகம் பார்த்ததில்லை என்று அதில் இருந்ததாம். "ரெண்டையும் ஒரே கோப்பில் வைத்திருக்கிறேன்" என்றார் ஏஜென்சிக்காரர். "எது எடை கூடுதலோ அது கீழே அழுத்தும். முற்றத்துக்குப் போங்கள்."

பின்முற்றத்தில் அன்று நல்ல வெயில். தார்ப்பாயை விலக்கியதும் கரிந்த துணியின் வாடை கிளம்பியது. பொறியாளர் கைக்குட்டையை மூக்கில் கட்டிக்கொண்டு இயந்திரத்தின் கீழ்க்கதவைத் திருகிக் கழற்றினார். கதவு வளைந்துபோயிருந்ததால் நெம்பித்தான் திறக்க வேண்டியிருந்தது. ஆலையின் மேல் ஜன்னல்களிலெல்லாம் தலைகள். உலர்த்தும் கூடத்துப் பெண்கள், தள்ளுவண்டிக்காரர்கள், சமையலறை ஆட்கள். மேற்பார்வையாளர் அவர்களை உள்ளே போகச் சொல்லவில்லை. அவரும் கழுத்தை நீட்டிக்கொண்டுதான் நின்றார். மாமாவும் சுருட்டையும் பக்கத்தில் பக்கத்தில். இனிமேல் பேசலாமா கூடாதா என்று யாரும் சொல்லாததால், பேசாமல் தோளோடு தோள் உரச நின்றார்கள்.

பொறியாளர் வலையை உருவி வெளியே எடுத்தார். வெயிலுக்கு நேராகத் தூக்கிப் பிடித்தார். கரி படிந்திருந்தது. ஆனால் கண்ணியெல்லாம் திறந்திருந்தது. வலை வழியே அந்தப் பக்கத்து வானம் நீலமாகத் தெரிந்தது. பஞ்சு எரிந்திருந்தால் வலையில் கருகி ஒட்டியிருக்கும், சுரண்டினாலும் போகாது என்றார். அப்படி எதுவும் இல்லை. பிறகு உள்ளே கையைவிட்டு, சூடு அளவுக்கு மீறினால் தானாக அணைக்க வேண்டிய சின்ன விசையைக் கழற்றி எடுத்தார். சூடேறினால் விலக வேண்டிய அதன் இரண்டு நாக்கும் ஒன்றோடொன்று உருகி ஒட்டிக்கிடந்தன.

அவர் தலைவியிடம் ஆங்கிலத்தில் சொன்னார். தலைவி துபாஷியைப் பார்த்தார்.

துபாஷி தொண்டையைச் செருமிக்கொண்டாள். இது மேசைக்குப் பக்கத்தில் நின்று மெல்லச் சொல்கிற விஷயமில்லை. ஜன்னல் வரை கேட்கிற மாதிரிச் சொன்னாள்: "வலையில பஞ்சு இல்ல! சுத்தமா எடுத்திருக்காங்க. சூட்டை அணைக்கிற விசைதான் கெட்டுப்போயிருக்கு. இயந்திரத்தோட பழுது. இந்தப் பொண்ணு மேல எந்தத் தப்பும் இல்ல!"

மேலே ஒரு பெண் கூவினாள். அடுத்த நொடி எல்லா ஜன்னலும் கூவியது. யாரோ வெறும் தள்ளுவண்டியைக் கையால் தட்ட, அதைப் பார்த்து இன்னொருவர் தட்ட, கட்டடம் முழுக்கத் தகரம் முழங்கியது. சங்கத்துக்காரர் இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு முற்றத்தை ஒரு சுற்று சுற்றினார். அவ்வளவு உயரமான மனிதர் அப்படி ஓடியதை அதற்கு முன்னும் பின்னும் யாரும் பார்த்ததில்லை. வக்கீல் பையை மூடிக்கொண்டு, தலைவிக்கு ஒரு வணக்கம் வைத்துவிட்டுப் போய்ச் சேர்ந்தார்.

சுருட்டை அழவில்லை. அழுவாள் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள். அவள் முடியைக் கட்டியிருந்த நாடாவை அவிழ்த்து எறிந்தாள். முடி நாலா பக்கமும் எழுந்து நின்றது. மாமா பக்கம் திரும்பினாள்.

"உங்க மேல கோவப்பட்டுட்டேன், மாமா."

"பட்டே. பஸ்ஸுல என் பை கூட வாடிப்போச்சு."

"எனக்கு எப்படித் தெரியும்? காயிதத்துல அப்படித்தானே இருந்துச்சு."

"காயிதத்தை விடு. என்னைப் பார்த்து ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?"

"கேக்கக் கூடாதுன்னுட்டாங்க."

"நல்ல சட்டம்" என்றார் மாமா. "ரெண்டு பேர் ஒரு நிமிஷம் பேசினா தீர்ற விஷயத்துக்கு, இத்தனை பேருக்கு நாற்காலி போட வேண்டியதாப் போச்சு."

தலைவி, அவர் என்ன சொல்கிறார் என்று கேட்டார். துபாஷி அப்படியே மொழிபெயர்த்தாள். தலைவி முதல்முறையாக வாய்விட்டுச் சிரித்தார். அன்று பிற்பகலே சுருட்டை வேலைக்குத் திரும்பலாம், நிறுத்திவைத்த நாட்களுக்கும் சம்பளம் உண்டு என்று அங்கேயே நின்றபடி எழுதிக் கையெழுத்துப் போட்டார். மேற்பார்வையாளர் முன்னால் வந்து சுருட்டையிடம், தமிழில், யாரும் உதவாமல், "தப்பு என்னோடது. மன்னிச்சுக்கோம்மா" என்றார். ஒரு எழுத்தும் பிசகவில்லை. வீட்டில் நின்று பல முறை சொல்லிப் பார்த்திருக்க வேண்டும்.

துபாஷியின் வேலை முடிந்துவிட்டது. நேரச் சீட்டில் கையெழுத்து வாங்கிக்கொண்டு கிளம்பியவளின் கையைச் சுருட்டை பிடித்துக்கொண்டாள்.

"நீங்க எங்க போறீங்க, அக்கா? உள்ள வாங்க."

"நான் வரக் கூடாதும்மா. மொழிபெயர்ப்பாளர் எந்தப் பக்கமும் சேரக் கூடாது."

"கையெழுத்து வாங்கியாச்சுல்ல? இப்ப நீங்க வெறும் அக்காதான்."

சுருட்டை அவளை இழுத்துக்கொண்டு உலர்த்தும் கூடத்துக்குள் நுழைந்தாள். வெக்கை முகத்தில் அடித்தது. இரண்டு வரிசையாக நின்ற பெண்கள் வண்டிகளைத் தட்டினார்கள், மேசைகளைத் தட்டினார்கள், ஒருத்தி காலணியைக் கழற்றித் தூணில் தட்டினாள். நடுவே சுருட்டை தலைமுடி பறக்க நடந்தாள். பின்னால் மாமா, மாப்பிள்ளை ஊர்வலத்தில் வருகிற பெரியவர் மாதிரி, இரண்டு பக்கமும் தலையசைத்துக்கொண்டு வந்தார். புது இயந்திரம் ஒன்று பளபளவென்று காத்திருந்தது. சுருட்டை அதன் கதவைத் திறந்து, ஈரத் துவாலைகளைக் கட்டிப் பிடித்து அள்ளி உள்ளே எறிந்து, கதவை அறைந்து சாத்திப் பொத்தானை அழுத்தினாள். அது உறுமிக்கொண்டு சுற்ற ஆரம்பித்தது. கூடமே கை தட்டியது. எல்லோரையும் விடச் சத்தமாகத் தட்டியது துபாஷிதான்.